580 என்ற பெயரில் ஒரு 570: மட்டக்களப்பில் வாங்கிய ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள கணினிக் கடை ஒன்றில், அதிக விலையில்லாமல் 8 ஜிபி நினைவகத்துடன் ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று கேட்பவர் முன்னால் இன்றும் பெரும்பாலும் எடுத்து வைக்கப்படுவது ரேடியன் ஆர்எக்ஸ் 580தான். பெட்டி புதியது, விசிறிகள் புதியவை, மேலே சுற்றிய உறை பிரிக்கப்படாதது. பெட்டியின் முகப்பில் 580 என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். 2048எஸ்பி என்ற குறிப்பு ஓரத்திலோ பின்புறத்து அட்டவணையிலோ சிறிதாகக் கிடக்கும். கல்லடியில் திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோ நடத்தும் என் மச்சானுக்காக, அந்தக் குறிப்பின் பொருளை அறிந்தே இதை நகரத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். கார்ட்டைப் பொருத்தி விற்ற நிறுவனத்தையும் கடையையும் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்ததையே அவர்களைப் போன்ற பலரும் செய்கிறார்கள், அதற்கான வழியைத் திறந்து வைத்தவர்களோ இவர்களைவிடப் பெரியவர்கள்.

முதலில் பொருள் என்ன என்பதைப் பார்ப்போம். இந்தச் சிப்பை வடிவமைத்த ஏஎம்டி நிறுவனம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்எக்ஸ் 580இல் 2304 ஸ்ட்ரீம் புரொசசர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்; எஸ்பி என்பது இவற்றின் சுருக்கம்) இருந்தன. 2018 ஒக்டோபரில் சீனச் சந்தைக்கென வெளியான ஆர்எக்ஸ் 580 2048எஸ்பியில் 2048 மட்டுமே உள்ளன. அதாவது சரியாக ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. இந்த 2048 எங்கிருந்தும் புதிதாக வந்த எண் அன்று. 2016 ஓகஸ்டில் வெளியான ஆர்எக்ஸ் 470இலும், 2017இல் 580க்கு ஒரு படி கீழே விற்கப்பட்ட ஆர்எக்ஸ் 570இலும் இருந்தது இதே எண்ணிக்கைதான். நினைவகத்தின் வேகமும் இவ்வகைக் கார்ட்டுகள் பலவற்றில் 570ஐ ஒத்தே விநாடிக்கு 224 ஜிகாபைட்டாக இருக்கிறது. அசல் 580இல் அது 256. ஆகவே ஒரே வடிவமைப்பு முதலில் 470 எனவும், சற்று வேகம் கூட்டப்பட்டு 570 எனவும், அதன்பின் பெரிதாக எதுவும் கூடாமலே 580 எனவும் பெயர் பெற்றுள்ளது. சிப் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயர் மட்டும் படியேறிக்கொண்டு போயிருக்கிறது.

கார்ட் வேலையைச் செய்கிறதா என்றால், செய்கிறது. 1080பி திரையில் சில ஆண்டுகள் பழைய கேம்கள் நடுத்தர அமைப்பில் இடறலின்றி ஓடுகின்றன. மச்சானுடைய வேலையில் நிறத் திருத்தமும் பல அடுக்கு வீடியோவும் சேரும்போது, முன்பிருந்த 2 ஜிபி கார்ட் திணறி நின்ற இடங்களை இந்த 8 ஜிபி சிரமமின்றித் தாண்டுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிரூட்டியில்லாத அறையில் விசிறிகளின் இரைச்சல் பேச்சை மறிக்கும் அளவுக்கு எழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மலிவான பவர் சப்ளையோடு இதை இணைக்கக் கூடாது. 150 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும் கார்ட்டுக்கு, பெட்டியில் 500 வாட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி எடை இல்லாத ஒன்றை வாங்குவது வீண் துணிச்சல். ஏவி1 என்ற புதிய வகை வீடியோவைத் தானே பிரித்துக் காட்டும் வசதி இதில் கிடையாது, ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங் வன்பொருள் கிடையாது, டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் கிடையாது. 2023 நவம்பர் முதல் ஏஎம்டி இந்தப் போலாரிஸ் தலைமுறைக் கார்ட்டுகளை டிரைவரின் (கார்ட்டை இயக்கும் மென்பொருளின்) தனிக் கிளைக்கு ஒதுக்கி, அவசியமான திருத்தங்களை மட்டுமே தருகிறது. 2016ஆம் ஆண்டின் வடிவமைப்புக்கு இவை எதிர்பார்க்க வேண்டிய குறைகளே. அந்த ஆண்டைப் பெட்டி எங்குமே சொல்லாததுதான் என் முறைப்பாடு.

பழைய சிப்புக்குப் புதுப் பெயர் வைப்பது ஏஎம்டி மட்டும் செய்த வேலையன்று. இந்தத் தொழிலில் அது பழைய பழக்கம். ஏஎம்டியின் போட்டி நிறுவனமான என்விடியாவின் ஜி92 என்ற சிப்பின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2007 இறுதியில் 8800 ஜிடி ஆகவும் 8800 ஜிடிஎஸ் 512 ஆகவும் வந்த அது, 2008இல் 9800 ஜிடி, 9800 ஜிடிஎக்ஸ் என்ற பெயர்களை எடுத்தது; பின்னர் 55 நானோமீற்றருக்குச் சுருக்கப்பட்டு 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் ஆனது; 2009 மார்ச்சில் அதே 128 புரொசசர்களுடனும் அதே 738 மெகாஹேர்ட்ஸ் வேகத்துடனும் ஜிடிஎஸ் 250 என்று வந்தது. நியாயமாகச் சொன்னால் அந்தக் கடைசிப் பெயர்மாற்றத்தில் சில நன்மைகளும் இருந்தன: 1 ஜிபி மாதிரியின் பலகை குட்டையாகி, இரண்டு மின் இணைப்புக்குப் பதிலாக ஒன்றே போதுமானதாயிற்று, அறிமுக விலையும் 149 டொலராக இருந்தது. இருந்தாலும் 9800இலிருந்து புதிய தலைமுறைக்கு மாறுகிறேன் என்று நம்பிக் காசு கொடுத்த ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனது, அவர் கழற்றி வைத்த அதே கார்ட்டைத்தான்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ஏஎம்டி 2013 ஒக்டோபரில் செய்த மாற்றம். 2012 ஜனவரியில் 549 டொலருக்கு விற்பனைக்கு வந்த எச்டி 7970இன் டஹிட்டி சிப், ஆர்9 280எக்ஸ் என்ற பெயரில் 299 டொலருக்கு வந்தது. சிப் பழையது, பெயர் புதியது. ஆனாலும் இதில் எனக்கு மனக்குறை இல்லை. முன்பு குடும்பத்தின் தலையாக இருந்த கார்ட், புதிய ஆர்9 290க்குக் கீழே என்று தன் இடத்தைத் தானே இறக்கிச் சொன்னது. விலையும் அந்த இறக்கத்தைப் பின்பற்றியது. 280எக்ஸ் வாங்கியவர், அந்த எண் வாக்களித்த அளவு வேகத்தையும் அந்த விலைக்குத் தக்க பொருளையும் பெற்றார். சிப்பின் வயது அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம், ஆனால் அதனால் அவர் நட்டப்படவில்லை. பழையதைப் புதுப் பெயரில் விற்பதே அநியாயம் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

குறை உள்ள சிப்பை எறியாமல் பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஒரு சிலிக்கன் தட்டில் வெட்டப்படும் சிப்புகள் எல்லாம் குறையின்றி வருவதில்லை. சில பகுதிகள் பழுதான சிப்பில் அவற்றை மூடிவிட்டு, எஞ்சியதைத் தாழ்ந்த பெயரில் குறைந்த விலைக்கு விற்பது எல்லோருக்கும் நன்மையான ஏற்பாடு. ஆர்எக்ஸ் 570 பிறந்ததே அப்படித்தான். அந்தத் தாழ்ந்த பொருளை எடுத்து, அது எந்தப் பொருளிலிருந்து தாழ்ந்ததோ அந்தப் பொருளின் பெயரையே அதற்கு மறுபடி சூட்டுவதுதான் 2048எஸ்பியில் நடந்தது. சீனச் சந்தைக்கென்றுதானே செய்தோம் என்று நிறுவனம் சொல்லக்கூடும். சந்தைகளுக்கு வேலி கிடையாது; ஷென்செனில் அட்டைப்பெட்டியில் ஏறும் கார்ட், கொழும்பு பம்பலப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது, அதன் பெயரில் ஒட்டியிருந்த சீனச் சந்தை என்ற விளக்கம் எங்கோ கழன்று விழுந்துவிடுகிறது.

நிறுவனங்களின் பக்க நியாயத்தைக் கேட்காமல் போகவும் முடியாது. கணினி தயாரிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் விளம்பரத்தில் போடப் புதிய எண் ஒன்றைக் கேட்கிறார்கள். புதிய சிப் வடிவமைப்புக்கோ ஆண்டுகளும் பெருந்தொகைப் பணமும் வேண்டும். அதன் நடுவே, இன்னும் நன்றாக ஓடும் சிப்பைத் தொடர்ந்து செய்து விலை குறைத்து விற்பது வாங்குபவருக்கும் உதவிதான். நம்முடைய நாட்டில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிப் போனபோது, புத்தம் புதிய தலைமுறைக் கார்ட் என்பது பல்கலைக்கழக மாணவருக்குக் கனவிலும் எட்டாத பொருளாயிற்று. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பிள்ளைகள் பலரின் கணினியை ஓட்டியது இப்படிப்பட்ட பழைய சிப்புகள்தாம். இந்த நியாயம் அனைத்தும் பழைய சிப்பை விற்பதற்கான நியாயம். அதன் வயதையும் அளவையும் மறைப்பதற்கு இதில் ஒரு வரிகூட உதவாது.

ஏனெனில் மாதிரி எண் என்பது, பொருளைத் திறந்து பார்க்க முடியாதவருக்கு விற்பவர் கொடுக்கும் வாக்கு. கொழும்பில் வாங்குபவர் பத்துக் கடை ஏறி இறங்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வாதாடலாம். மகன் கேட்டான் என்று நகையை அடகு வைத்துக் கணினி வாங்க அக்கரைப்பற்றுக் கடைக்கு வரும் தாய்க்கு 580 என்பது 570ஐவிடப் பெரியது என்பது மட்டுமே தெரியும், அதற்கு மேல் அவர் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. உண்மை தெரிந்தவர் பேசாமலிருக்க, தெரியாதவர்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது சிப் செய்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் என்ற வரிசையில் எவருக்கும் பொருந்தாத நீதி.

இனிக் கடையைப் பற்றி. இளைஞர்கள் இருவர் நடத்தும் சிறிய கடை. பேச்சில் மரியாதை இருந்தது, கார்ட்டைப் பொருத்தி ஓட்டிக் காட்டவும் தயங்கவில்லை. விலை நாற்பதாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. கார்ட்டின் உள் விவரங்களைக் காட்டும் ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொன்னேன். ஷேடர் எண்ணிக்கை, அதாவது ஸ்ட்ரீம் புரொசசர் எண்ணிக்கை, 2048 என்று திரையில் வந்தது. பற்றுச்சீட்டிலோ வெறுமனே ஆர்எக்ஸ் 580 8 ஜிபி என்றுதான் அச்சாகி வந்தது. 2048எஸ்பி என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டபோது, "ஆரும் இதுவரைக்கும் இப்பிடி எழுதித் தரச் சொல்லிக் கேக்கல்ல அண்ணன்" என்றார் கல்லாவில் இருந்தவர். பிறகு சிரித்துக்கொண்டே, "எழுதித் தாறன், மறுகா வந்து இது 570 எண்டு சண்டைக்கு நிக்கப்படா" என்று பேனாவால் சேர்த்து எழுதித் தந்தார். அவருக்குப் பொருள் இன்னதென்று தெரியும் என்பதை அந்த ஒரு வாக்கியமே காட்டிவிட்டது. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலில் எப்படி இருந்ததோ அப்படியே கணினியில் பதிந்திருக்கிறார். ஆனால் கேட்டவருக்கு மட்டும் சொல்லப்படும் உண்மை, கேட்கத் தெரியாதவரிடமிருந்து ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகையை எடுத்துக்கொள்கிறது. நான் நிற்கும்போதே ஏறாவூரிலிருந்து வந்திருந்த ஒருவர் இதே கார்ட்டை, அசல் 580இன் சோதனை முடிவுகளைக் கைபேசியில் காட்டி, அந்த வேகம் கிடைக்கும்தானே என்று கேட்டு வாங்கிப் போனார். ஓம் என்றே பதில் கிடைத்தது.

பெட்டியைப் பற்றி இன்னொரு ஐயமும் உண்டு. ஈத்தரியம் என்ற மின்நாணயம், கிராஃபிக்ஸ் கார்ட்டுகளை ஓட்டிப் புதிய நாணயம் உருவாக்கும் முறையை 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய 470, 570, 580 கார்ட்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தன. அவற்றின் சிப்பைக் கழற்றிப் புதிய பலகையில் ஒட்டி, புதிய விசிறி மாட்டிப் புதிய பெட்டியில் அடைத்து விற்பது சீனத்துச் சிறு நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. பிரபல பெயர் எதுவும் இல்லாமல் இப்போது வரும் 580 பெட்டிகளில் எது அப்படிப்பட்டது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்லும் வழியில்லை. திருத்திய பொருளை விற்பதில் வெட்கம் இல்லை, புத்தம் புதியது என்ற ஒட்டுத்தாளோடு விற்பதில்தான் இருக்கிறது.

இதற்கு அடுத்த படி அப்பட்டமான போலி. பழைய ஜிடிஎஸ் 450 கார்ட்டின் பயோஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்றது பல நாடுகளில் நடந்தது; 2018 ஒக்டோபரில் ஜிபியு-ஸெட் தனது 2.12.0 பதிப்பில் இப்படிப்பட்ட என்விடியா போலிகளைக் கண்டுபிடித்துக் காட்டும் வசதியைச் சேர்க்க வேண்டிய அளவுக்கு நடந்தது. சட்டத்தின் கண்ணில் இதுவும் நிறுவனமே செய்யும் பெயர்மாற்றமும் ஒன்றல்ல, ஒன்றாக்கிப் பேசவும் கூடாது. ஆயினும் நிறுவனமே 570ஐ 580 என்று அழைத்த பின், 2048எஸ்பி என்ற வாலைப் பற்றுச்சீட்டில் வெட்டிவிடும் கடைக்காரர் தாம் பெரிய பிழை செய்ததாக எப்படி உணர்வார்? அவருக்கும் போலி செய்பவருக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தைக் குறைத்தது மேலே இருப்பவர்களின் கைவரிசை.

அதே கடையின் அலமாரியில் இருந்த மற்றவற்றையும் பார்த்தேன். அலுவலகக் கணினிகளுக்கு இன்னும் விற்கப்படும் ஜிடி 730 இருந்தது. 2014இல் வந்த இந்தப் பெயருக்குள் இரண்டு தலைமுறைகள் உண்டு: ஒன்று 2010இல் ஜிடி 430இல் வந்த ஃபெர்மி சிப், 96 கோர் (ஸ்ட்ரீம் புரொசசர்களுக்கு என்விடியா வைத்த பெயர்), மற்றது கெப்லர் சிப், 384 கோர். ஃபெர்மிக்கு வழக்கமான டிரைவர் 2018இல் நின்றுவிட்டது, கெப்லருக்கு 2021 வரை வந்தது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பெட்டிகளின் ஆயுளில் மூன்றாண்டு வித்தியாசம். ஜிடி 1030இன் கதை இதைவிட மோசம். 2017இல் விநாடிக்கு 48 ஜிகாபைட் நினைவக வேகத்தோடு வந்தது, 2018இல் டிடிஆர்4 நினைவகத்தோடு 16.8க்கு இறங்கியது, பெயர் அசையவில்லை. 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050உம் 8 ஜிபி மாதிரியிலிருந்து நினைவக அளவில் மட்டும் குறைந்தது என்று எண்ண வேண்டாம். கோர்கள் 2560இலிருந்து 2304 ஆகவும், நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 ஆகவும் குறைந்துள்ளன.

எதிர்ப்புக்குப் பலன் இல்லாமலும் இல்லை. 2022 செப்டெம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரிலேயே இரண்டு கார்ட்டுகளை அறிவித்தது. 16 ஜிபி மாதிரியில் 9728 கோர்கள், 12 ஜிபி மாதிரியில் 7680 மட்டுமே, சிப்பும் வேறு. எழுந்த கண்டனத்தால் ஒக்டோபர் 14ஆம் திகதி சிறிய மாதிரியை நிறுவனமே மீளப்பெற்றது. அது 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயருடன் 899 டொலருக்குப் பதிலாக 799 டொலருக்கு வந்தது. பெயரைத் திருத்தியதும் விலையும் 100 டொலர் இறங்கியது என்றால், அந்தப் பெயரின் பெறுமதி எவ்வளவு என்பதை நிறுவனமே கணக்கிட்டுச் சொன்னதாகத்தான் கொள்ள வேண்டும். விலையுயர்ந்த கார்ட் என்பதால் உலகம் முழுவதும் சத்தம் எழுந்தது. நாற்பதாயிரம் ரூபாக் கார்ட்டுக்காக அப்படிச் சத்தம் போட எவரும் இல்லை. என்விடியா ஜிடிஎக்ஸ் 970இன் நினைவகத்தைப் பற்றிய தவறான விவரத்துக்காக 2016இல் ஒப்புக்கொள்ளப்பட்ட கார்ட்டுக்கு 30 டொலர் இழப்பீடும் அமெரிக்காவில் வாங்கியவர்களோடு நின்றது.

நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடுக்கிறது; 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். கையில் இருக்கும் பற்றுச்சீட்டில் மாதிரியின் முழுப் பெயர் இல்லாவிட்டால் முறைப்பாடு எதன்மேல் நிற்கும் என்பதே கேள்வி. கடையில் பணம் கொடுப்பதற்கு முன் ஜிபியு-ஸெட்டை ஓட்டி, அதில் காணும் ஷேடர் எண்ணிக்கையையும் நினைவக வகையையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

கார்ட்டை 570 என்று நினைத்து, பழகிய 570 ஒன்றுக்குக் கொடுக்கக்கூடிய விலையைவிடச் சற்றுக் கூடுதலாக, புதிய விசிறிக்கும் உத்தரவாதத்துக்கும் மட்டும் கொடுப்பதானால் வாங்கலாம். நாங்கள் கொடுத்தது அதைவிடச் சில ஆயிரம் அதிகம்தான். உத்தரவாதம் ஒரு வருடம். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில், கார்ட்டில் எரிந்த அடையாளமோ துருவோ இருந்தால் செல்லாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கடற்காற்றில் ஆறு மாதத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் கல்லடிக்கு இது பொருந்தாத நிபந்தனை என்று சொல்லி, துரு என்ற சொல்லை வெட்டித் தரும்படி கேட்டோம். அதற்கு மட்டும் அவர்கள் இணங்கவில்லை.